மியூசிக் ஹால் நகைச்சுவை: நால்வரில் யாரிடம் தொடங்குவது?

சாப்ளின் எங்கிருந்து வந்தார் என்று தேடிப் போகிறவர்கள் சீக்கிரமே ஒரு பெயரில் வந்து நிற்பார்கள்: பிரெட் கார்னோ. லண்டனில் நகைச்சுவைக் குழுக்களை நடத்திய முதலாளி. அவருடைய குழு ஒன்று 1910-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது அதில் சாப்ளினும் இருந்தார், பிற்பாடு லாரல் - ஹார்டியில் லாரலாக உலகம் அறிந்த ஸ்டான் லாரலும் இருந்தார். இருவரும் தொழில் கற்றது மியூசிக் ஹால் மேடையில், அதாவது பாட்டும் நகைச்சுவையும் கலந்த அந்தக் கால இங்கிலாந்துக் கேளிக்கைக் கூடங்களில். சரி, அந்த மேடையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, யாரை முதலில் பார்ப்பது? பெயர்ப் பட்டியலோ மிக நீளம். தவறான ஆளிடம் தொடங்கினால் "இதற்கா அப்படிச் சிரித்தார்கள்?" என்று பத்தே நிமிடத்தில் மூடி வைத்துவிடுவோம். அது அந்தக் கலைஞர்களுக்குச் செய்கிற அநியாயம்.

நான் எடுத்துக்கொள்வது நான்கு பேரை. டான் லீனோ, லிட்டில் டிச், மாக்ஸ் மில்லர், வில் ஹே. இவர்களில் யார் பெரியவர் என்பது வேறு விவாதம். இன்றைக்கு, தமிழ்நாட்டிலோ கொழும்பிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, யார் வழியாக உள்ளே போவது சுலபம் என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மதுக்கடையோடு ஒட்டிய பாட்டுக்கூடமாகத் தொடங்கியது மியூசிக் ஹால். 1852-ல் லண்டன் லாம்பெத்தில் சார்லஸ் மார்ட்டன் திறந்த கேன்டர்பரி ஹால் அதைப் பெரிய வியாபாரமாக்கியது. மேசை போட்டு, சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிற கூட்டத்துக்கு முன்னால்தான் கலைஞர் நிற்க வேண்டும். பிடித்திருந்தால் சேர்ந்து பாடுவார்கள், பிடிக்காவிட்டால் கூச்சல். நட்சத்திரங்கள் ஒரே இரவில் மூன்று, நான்கு ஹால்களுக்குக் குதிரை வண்டியில் ஓடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

இன்னொன்று, இது முக்கியம். 1843-ல் வந்த நாடகச் சட்டப்படி, பேச்சு நாடகம் போடும் உரிமை அதற்கென்று அனுமதி பெற்ற அரங்குகளுக்கு மட்டும். மியூசிக் ஹாலில் முழு நாடகம் போட்டால் வழக்கு வரும். அதனால் தனி ஆள் ஒருவர் வந்து, பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு நேராகப் பேசுகிற பாணி செழித்தது. வாயே திறக்காமல் உடம்பால் சிரிக்க வைக்கும் கார்னோ பாணியும் இதே நெருக்கடியில் வளர்ந்ததுதான். ஒரு சட்டம் ஒரு கலையின் உருவத்தையே தீர்மானித்திருக்கிறது.

இப்போது தேர்வுக்கு வருவோம். என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கலைஞரின் பலம் எதுவோ, அது பதிவில் தப்பித்திருக்கிறதா? முகம்தான் பலம் என்றால் முகம் தெரிய வேண்டும். கூட்டத்தோடு விளையாடுவது பலம் என்றால் கூட்டம் கேட்க வேண்டும். புகழை வைத்துப் பார்த்தால் தேர்வு தப்பிவிடும். அதற்கு டான் லீனோவே சாட்சி.

புகழில் லீனோவுக்கு நிகர் இந்த நால்வரில் இல்லை. 1860-ல் லண்டன் செயின்ட் பான்கிராஸில் பிறந்தவர், இயற்பெயர் ஜார்ஜ் கால்வின். அப்பா, அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள். நான்கு வயதில் மேடை ஏறி, உடம்பை வளைத்து வித்தை காட்டிய பிள்ளை. மரக்கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் 1880-ல் லீட்ஸ் நகரில் உலக வெற்றியாளர் பட்டம் வாங்கினார். 1885-ல் லண்டன் ஹால்களுக்கு வந்தபின் ஆட்டத்தைவிடப் பேச்சுக்குத்தான் கூட்டம் வந்தது. 1888-லிருந்து கிறிஸ்துமஸ் தோறும் ட்ரூரி லேன் அரங்கின் பாண்டமைம் என்ற பாட்டும் கேலியும் கலந்த பண்டிகை நாடகத்தில் வாயாடிக் கிழவி வேஷம். 1901-ல் சான்ட்ரிங்காமில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முன்னால் நடித்துக் காட்டினார். இரண்டே ஆண்டில் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. 1904 அக்டோபரில் இறந்தபோது வயது 43. இறுதி ஊர்வலத்துக்குத் தெரு நெடுகக் கூட்டம் நின்றது.

லீனோ மேடையில் செய்தது என்ன? வாடகை வீட்டுக்காரி, துணிக்கடை மேற்பார்வையாளர், கணவனை இழந்த அம்மா என்று அன்றாடம் தெருவில் பார்க்கிற ஆட்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசுவார். எதிராளி கேட்பது நமக்குக் கேட்காது, லீனோவின் பதிலும் முகமும்தான் கிடைக்கும். அதிலிருந்தே முழுக் குடும்பத்தின் கதையும் விளங்கிவிடும்.

இதில் எவ்வளவு மிச்சம்? 1901 முதல் 1903 வரை அவர் கிராமபோன் கம்பெனிக்குக் கொடுத்த முப்பது பதிவுகள் அளவில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவு நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்ததே 1925-ல். லீனோ காலத்தில் ஒரு தகரக் கூம்புக்குள் தலையைக் கொடுத்துக் கத்த வேண்டும். எதிரே கூட்டம் கிடையாது, முகத்தைப் பார்ப்பார் இல்லை, இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டு நிறைந்துவிடும். முகமும் நிதானமும் கூட்டத்தின் சிரிப்பும்தான் அவர் கலை என்றால், மூன்றும் வெளியே நின்றுவிட்டன. கீறல் சத்தத்துக்கு நடுவே வேகமாக ஓடும் ஒரு கீச்சுக் குரல் மட்டும் கிடைக்கிறது. அசையும் படங்களிலும் மிகச் சிலதான் எஞ்சியுள்ளன, அவையும் பேசாதவை. எனவே நால்வரில் மிகப் பெரியவரிடம் தொடங்காதீர்கள். இவரைக் கடைசியாகக் கேளுங்கள். மற்ற மூவரையும் பார்த்த பிறகு, அந்தக் கீச்சுக் குரலுக்குப் பின்னால் என்ன முகம் இருந்திருக்கும் என்று நம்மாலேயே கற்பனை செய்ய முடியும்.

லிட்டில் டிச் விஷயம் நேர் எதிர். 1867-ல் கென்ட் மாவட்டத்துக் கட்ஹம் கிராமத்தில் பிறந்த ஹாரி ரெல்ஃப். சிறு வயதிலேயே வளர்ச்சி நின்றுபோய் உயரம் 137 செ.மீ.தான். கைகளில் விரல் ஒவ்வொன்று அதிகம். இவருக்குப் பேர் வாங்கித் தந்தது பெரிய பூட்ஸ் ஆட்டம். பூட்ஸ் ஒவ்வொன்றும் 71 செ.மீ. நீளம், அதாவது அவர் உயரத்தில் பாதிக்கும் மேல். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அதைப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேடையில் சாதாரணமாக நுழைகிறார், தொப்பியோடு வம்பு செய்கிறார். பிறகு அந்த பூட்ஸில் உடம்பு முழுவதையும் விறைப்பாக முன்னால் சாய்க்கிறார். விழுந்தே விட்டார் என்று நாம் நினைக்கிற கோணத்தில் நிற்கிறார், விழவில்லை. கடைசியில் பூட்ஸின் முனையில் எழுந்து நிற்கும்போது அந்தக் குட்டை மனிதர் திடீரென்று நெட்டையராகிவிடுகிறார். மொழி தேவையில்லை, விளக்கம் தேவையில்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் சிரிக்கும். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தாத்தி இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் வியப்பே இல்லை.

அப்புறம் ஏன் இவரிடம் தொடங்கச் சொல்லவில்லை? பார்த்து முடித்ததும் அடுத்து போக இடமில்லை என்பதால். டிச் பாத்திர நடிப்பிலும் பாட்டிலும் கெட்டிக்காரர், பிரெஞ்சு மொழியிலேயே நிகழ்ச்சி நடத்தி பாரிஸைச் சிரிக்க வைத்தவர். பூட்ஸ் ஆட்டத்தின் மீது ஒரு கட்டத்தில் அவருக்கே அலுப்பு வந்தது. அவர் விரும்பிச் செய்த மற்றவை போய், அலுத்துப்போன ஆட்டம்தான் படத்தில் மிஞ்சியது. அதை மட்டும் பார்த்து மியூசிக் ஹால் என்றால் உடல் வித்தை என்று முடிவு செய்துவிடுவோம். அந்த மேடையின் உயிர் பேச்சில்தான் இருந்தது.

பேச்சு என்றால் மாக்ஸ் மில்லர். 1894-ல் பிரைட்டனில் பிறந்தவர், இயற்பெயர் தாமஸ் ஹென்றி சார்ஜென்ட். முதல் உலகப் போரில் சிப்பாயாக இந்தியாவுக்கும் மெசபடோமியாவுக்கும் வந்து போனவர். பூப்போட்ட பளபளப்பான சூட், முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொளக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. இரண்டு ஜோக் புத்தகங்களை எடுத்துக் காட்டுவார், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். வெள்ளையில் வீட்டோடு உட்கார்ந்து கேட்கக் கூடியவை, நீலத்தில் கூடாதவை. எது வேண்டும் என்று கூட்டத்தையே கேட்பார். கூட்டம் எதைக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மில்லரின் சாமர்த்தியம் முடிக்காமல் விடுவது. எதுகையோடு ஒரு பாட்டு வரும், கடைசிச் சொல் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். கூட்டம் மனசுக்குள் முடித்துக்கொண்டு சிரிக்கும். உடனே, நான் ஒன்றும் சொல்லவில்லையே, நீங்கள்தான் கெட்டவர்கள் என்கிற முகத்தோடு அவர்களைத் திட்டுவார். குற்றம் முழுக்கக் கேட்பவர் தலையில்!

அதிர்ஷ்டவசமாக இவரை நேரடி நிகழ்ச்சியிலேயே பதிவு செய்தார்கள். 1938-ல் ஹோல்பர்ன் எம்பயர் அரங்கில் எடுத்தது இருக்கிறது, 1957-ல் எட்ஜ்வேர் சாலையின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் எடுத்ததும் இருக்கிறது. இரண்டு கட்டடங்களும் இன்று இல்லை. கூட்டத்தின் சிரிப்பு அலை அலையாக எழுவதும், அவர் அதன் மேல் ஏறிச் சவாரி செய்வதும் அப்படியே கேட்கிறது. என் அளவுகோலில் முழு மதிப்பெண். திரைப்படங்களிலும் நடித்தார்தான், ஆனால் எதிரே கூட்டம் இல்லாத மில்லர் பாதி மில்லர்.

நமக்குச் சிக்கல் மொழியில். வேகமான தென் இங்கிலாந்துப் பேச்சு, அந்தக் காலக் கொச்சை, இரட்டை அர்த்தம். நிறுத்தி நிறுத்திப் புரிந்துகொண்டால் ஜோக் செத்துவிடும். ஆங்கிலப் பேச்சு காதுக்கு நன்றாகப் பழகியவர்களுக்கு இவர் விருந்து, மற்றவர்களுக்கு மூன்றாவது படியில் வைக்க வேண்டியவர்.

ஆக, முதல் படி வில் ஹே. எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதையும் மறைக்கவில்லை.

1888-ல் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் ஊரில் பிறந்தவர். பொறியியல் பயிற்சியில் சேர்ந்து, அதை உதறிவிட்டு மேடைக்கு வந்தார். கார்னோ குழுவிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய சகோதரி பள்ளி ஆசிரியை. அவர் சொன்ன வகுப்பறைக் கதைகளிலிருந்து ஹே ஒரு வாத்தியாரை உருவாக்கினார். கறுப்பு அங்கி, கோணலாக உட்கார்ந்த சதுரத் தொப்பி, மூக்கில் நழுவும் கண்ணாடி. இந்த வாத்தியாருக்கு எதுவும் தெரியாது. பையன்களுக்கு இவரைவிட அதிகம் தெரியும். இவருக்குத் தெரியாது என்பதும் பையன்களுக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும்! இருந்தாலும் பாடம் நடத்தியாக வேண்டும். இந்தக் காட்சியை வைத்துக்கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹால் ஹாலாகச் சுற்றினார்.

ஹேயின் நடிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பையன் ஒரு கேள்வி கேட்கிறான். ஹே உடனே பதில் சொல்வதில்லை. மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுகிறார். கண்ணாடிக்கு மேலாகப் பையனைப் பார்க்கிறார், இவன் கிண்டல் செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று எடை போடுகிறார். பக்கத்துப் பையனை ஓரக்கண்ணால் பார்க்கிறார், பதில் அங்கிருந்து கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. ஒரு அரைச் சொல் சொல்லி, பையனின் முகம் மாறுகிறதா என்று பார்த்து, மாறினால் அந்தச் சொல்லைத் திருப்பிக்கொள்கிறார். இவ்வளவும் சில நொடிகளில். வசனம் பாதி தவறிப் போனாலும் இதைப் பார்த்தாலே புரியும். தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளும் பெரிய மனிதரை நம் ஊர் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நாம் பார்த்ததில்லையா?

இங்கேதான் காலம் அவருக்கு உதவியது. லீனோ போன பிறகு பேசும் படம் வந்தது. 1934-ல் ஹே முழுநீளப் படத்துக்கு வந்தபோது வயது நாற்பத்தைந்து. கால் நூற்றாண்டு மேடைப் பழக்கம் முகத்தில் ஊறியிருந்தது. காமிரா அதை அருகில் போய்ப் பிடித்தது. மேடையில் முதல் நான்கு வரிசைக்கு மட்டும் தெரிந்த மூக்கு உறிஞ்சல், திரையில் எல்லோருக்கும் கிடைத்தது. மியூசிக் ஹாலில் பழுத்த ஒரு பாத்திரம் இவ்வளவு முழுதாக நமக்கு வந்து சேர்ந்தது அபூர்வம்.

மேடைக்கு வெளியே இருந்த மனிதரையும் சொல்ல வேண்டும். லண்டன் நார்பரியில் வீட்டோடு தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்தவர் ஹே. 1933 ஆகஸ்ட் 3 அன்று ஆறு அங்குலத் தொலைநோக்கியில் சனிக் கிரகத்தின் மேல் ஒரு பெரிய வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து அறிவித்தார். வானியலாளர்கள் அதை உறுதிசெய்தார்கள். ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினர். வானியல் எழுத்துகளுக்கு டபிள்யூ. டி. ஹே என்ற பெயரைப் பயன்படுத்தினார், மேடைப் புகழை அதில் கலக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு வானியலும் வழி அறிதலும் கற்றுக் கொடுத்தார். ஆக, நிஜத்தில் நல்ல வாத்தியார்! ஒரு குறுங்கோளுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அறிவின் மேல் இவ்வளவு மரியாதை இருந்தவருக்குத்தான், அறிவு இருப்பதாகப் பாவனை செய்பவரின் ஒவ்வொரு நெளிவும் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, ஹேயின் எந்தப் படம்? மேடை வாத்தியாரை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் 1935-ல் வந்த 'பாய்ஸ் வில் பி பாய்ஸ்'. திருட்டுப் பசங்கள் நிறைந்த பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறார். பாத்திரத்தை அறிய நல்லது, படமாகப் பார்த்தால் கொஞ்சம் தளர்வு. 1943-ன் 'மை லேர்னட் ஃபிரெண்ட்' அவருடைய கடைசிப் படம், இயக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கொலைகாரனிடமிருந்து ஓடும் வக்கீல், உச்சக்கட்டம் பிக் பென் கடிகார முகப்பில். இருட்டான நகைச்சுவை, எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் முதல் அறிமுகத்துக்கு வேண்டாம். 1938-ல் ஆப்பிரிக்காவை வைத்து எடுத்த படம் ஒன்று உண்டு, காலனி ஆட்சிக்காரரின் பார்வையில் அங்குள்ள மக்களைக் கேலிப்பொருளாக்கியது. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது 1937-ன் 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!' இயக்கம் மார்செல் வார்னெல். தலைப்பே மேரி லாய்ட் என்ற மியூசிக் ஹால் ராணி பாடிப் புகழ்பெற்ற பாட்டிலிருந்து வந்தது. ஹே இதில் வாத்தியார் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர். எந்த வேலையிலும் உருப்படாத ஒருவரைச் சொந்தக்காரர் சிபாரிசில் வட அயர்லாந்தின் மூலையில் இருக்கும் பாழடைந்த பக்கிள்ஸ்கெல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மழை இரவு. டிக்கெட் ஜன்னலைத் தட்டுகிறார். கதவு படாரென்று திறக்கிறது, தாடிக் கிழவர் ஒருவர் "அடுத்த ரயில் போயாச்சு!" என்று கத்திவிட்டு மூடிக்கொள்கிறார். புது அதிகாரியை ஊழியர் வரவேற்கும் லட்சணம் இதுதான்.

கிழவராக வருபவர் மூர் மாரியட். பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தவர், அப்போது அவருக்கு ஐம்பத்து சொச்சம் வயதுதான். கூடவே குண்டுப் பையனாக கிரஹாம் மொஃபட். வகுப்பறையில் இருந்த அதே கணக்கு இங்கேயும்: மேலதிகாரிக்கு ஒன்றும் தெரியாது, கீழே இருக்கும் இருவருக்கும் எல்லாக் குறுக்கு வழியும் தெரியும். மேடைக் காட்சி ரயில் நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே பேய்க் கதை, ஆயுதக் கடத்தல், காணாமல் போகும் ரயில், சுற்றும் காற்றாலை இறக்கையில் தொங்கும் மூவர். ஹாம்ப்ஷயரில் மூடிக் கிடந்த கிளிட்டெஸ்டன் ஸ்டேஷனில் எடுத்தார்கள். 'கிளாட்ஸ்டன்' என்ற பேரில் வரும் அந்த உயரப் புகைபோக்கி எஞ்சின் நிஜமாகவே 1899-ல் செய்தது. ரயில் பிரியர்கள் இந்தப் படத்தைக் கொண்டாடுவது இதற்காகவும்தான்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகப் போகும். ஒலிப்பதிவு பழையது, மாரியட்டின் பல் இல்லாத பேச்சு சில இடங்களில் பிடிபடாது. வசன வரிகள் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணை ஹேயின் முகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள்: டிச் முதலில், போர்ட்டர் அடுத்த நாள். நீங்களே மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைக்கிறவர், ஆங்கிலமும் தடையில்லை என்றால், ஹேயைத் தள்ளிவைத்து மில்லரின் 1957 பதிவை முதலில் கேளுங்கள். ஜோக் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சொல்லை எங்கே நிறுத்துகிறார், சிரிப்பு அடங்குவதற்கு எவ்வளவு முன்னால் அடுத்த வரியை எடுக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.